இரு கடல்கள், ஒரே தொலைவு
(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

கொடுங்கையூரில் கவிதைக்கு ஓர் அமைப்பா என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு பக்கம் குப்பைமேட்டின் புகை. மறுபக்கம் துறைமுகம் நோக்கி இரவெல்லாம் ஊர்ந்து செல்லும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல். ஒலிபெருக்கி இல்லாத அந்த மாடியறையில், லாரி கடந்து போகும் வரை கவிதையை நிறுத்திவிட்டு, பின்னர் விட்ட அடியிலிருந்து தொடர்ந்து படித்த மாதக் கூட்டங்களை இன்று எண்ணிப் பார்க்கிறேன். நிறுத்தினோமே தவிர, ஒரு மாதமும் கைவிட்டோமில்லை. அந்தப் பெருமிதத்தோடு என் உரையைத் தொடங்குகிறேன்.

விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு ‘பயணமும் கவிதையும்’ என்பது. பெரிய தலைப்பு. அதனுள் ஒரு பயணத்தை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். 2023-ஆம் ஆண்டுக் கோடையில், என் அத்தை மகன் ஓட்டிய காரில் அமர்ந்து, இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக் கடலின் அடியில் சென்ற பயணம் அது. அதைச் சொல்வதற்கு முன், அதற்கும் ஐம்பத்தோர் ஆண்டுகள் முந்திய மற்றொரு பயணத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் தந்தையார் இலங்கை மலையகத்தில், அட்டனை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவராய் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்வது என்றும் முடிவாயிற்று. மனிதர்களைப் பிரித்த இந்தக் கணக்கு குடும்பங்களுக்குள்ளும் புகுந்தது. என் தந்தையார் இந்தியாவின் கணக்கில் விழுந்தார். அவருடைய ஒரே தங்கை, மணமான இடத்தின் வழியே, இலங்கையின் கணக்கில் விழுந்தார்.

1972-இல் நாங்கள் புறப்பட்டோம். எனக்கு வயது ஆறு. அட்டன் இரயில் நிலையத்தில் என் அத்தை நின்றிருந்த தோற்றம் எனக்கு நினைவில்லை, சொல்லக் கேட்டதுதான். வண்டி நகரும்போது தந்தையார் சொன்னாராம்: “போயிட்டு வர்றேன், தங்கச்சி.” தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ என்னும் கப்பல், இராமேசுவரத்தில் இறக்கம், மண்டபம் முகாமில் சில நாட்கள், பின்னர்ச் சென்னை. வியாசர்பாடியில், பர்மாவிலிருந்து எங்களுக்கு முன்பே வந்து குடியேறியிருந்த மக்களின் குடிசைகளுக்கு இடையே ஒரு குடிசை. அதன் பிறகு இந்தக் கொடுங்கையூர். தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். 1998-இல் மறைந்தார். தங்கையை அவர் மறுபடி காணவே இல்லை. “போயிட்டு வர்றேன்” என்று சொன்ன சொல் அப்படியே நின்றுபோயிற்று.

அன்பர்களே! தமிழன் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றுதான் சொல்வான். ‘போகிறேன்’ என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் வாயைப் பொத்துவார்கள். திரும்பி வருவதையும் சேர்த்துச் சொன்னால்தான் நம் மொழியில் விடைபெறுதல் நிறைவடைகிறது. இந்தச் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நான் கடலடிச் சுரங்கத்துக்குள் போனேன்.

நான் சென்னைத் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். என் பணிக்காலத்தின் பிற்பகுதியில், நம் ஊர்த் தொழிற்சாலைகளில் செய்த கார்கள் கப்பலேறத் தொடங்கின. எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திலும் இன்று அக்காட்சியைக் காணலாம். கப்பலின் வாய் திறக்கும். ஓட்டுநர்கள் புதுக் கார்களை ஒன்றன்பின் ஒன்றாய் அதன் வயிற்றுக்குள் ஓட்டிச் செல்வார்கள். நிறுத்திக் கட்டிவிட்டு, ஒரு வேனில் ஏறி வெளியே வந்து, அடுத்த காரை எடுப்பார்கள். ஒரு நாளில் எத்தனையோ முறை கப்பலுக்குள் போன ஒருவர் மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்குப் போவார். கார் கடல் கடக்கும். ஓட்டியவர் கரையிலேயே நிற்பார். இதைப் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு, ஓட்டுபவரையும் காரோடு சேர்த்து அக்கரையில் இறக்கிவிடும் ஒரு வழி உண்டென்பது புதுமையாக இருந்தது.

என் அத்தையின் குடும்பம் 1977-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின், மலையகத் தமிழர் பலரைப் போலவே, வவுனியாப் பக்கம் பெயர்ந்தது. போர் அங்கிருந்தும் பெயர்த்தது. மகன் இலண்டன் போய்ச் சேர்ந்தான். பின்னர்த் தாயையும் அழைத்துக்கொண்டான். உறவில் ஒரு பெண்ணுக்குப் பாரிசில் திருமணம். இலண்டனில் ஒரு கிளை, பாரிசில் ஒரு கிளை என்றுதான் இன்று எத்தனையோ ஈழத்துக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஈஸ்ட் ஹாமில் காலை உணவை முடித்துவிட்டுக் கிளம்பிப் பிற்பகலில் லா சப்பல் கடைத்தெருவில் மாலை வாங்குகிறார்கள். நானும் அழைப்பின் பேரில் போயிருந்தேன். பின் இருக்கையில் என் அத்தை, எழுபத்தெட்டு வயது.

இலண்டனிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஃபோக்ஸ்டன் என்னும் கரையோர ஊர். அங்கே நம் சுங்கச்சாவடி போன்ற ஒரு வாயில். முதலில் இங்கிலாந்தின் சோதனை. சில அடி தள்ளிப் பிரான்சின் சோதனை. பிரான்சு நாட்டு அலுவலர் இங்கிலாந்து மண்ணிலே அமர்ந்து முத்திரை குத்தினார்! அதேபோல் அக்கரையில் இங்கிலாந்தின் அலுவலர் அமர்ந்திருக்கிறார். ஆகவே மறுகரையில் இறங்கியதும் நிற்காமல் ஓட்டிச் செல்லலாம்.

பலர் நினைப்பது போல அச்சுரங்கத்தில் சாலை இல்லை. உள்ளே இருப்பது இரயில் பாதை. கார்கள் நீண்டதொரு மூடிய இரயிலுக்குள் பக்கவாட்டு வழியே ஏறி, பெட்டிகளுக்குள்ளேயே ஓட்டிச் சென்று வரிசையாக நிற்க வேண்டும். கைப்பிரேக்கைப் போட வேண்டும். கண்ணாடியைப் பாதி இறக்கி வைக்க வேண்டும். நெருப்புத் தடுப்புக் கதவுகள் பெட்டிக்குப் பெட்டி மூடிக்கொள்கின்றன. பயணிகள் தத்தம் காரிலேயே அமர்ந்திருக்கிறார்கள். எரிவாயுவில் ஓடும் கார்களை ஏற்றுவதில்லை. நம் கொங்கண் இரயில் பாதையில் 1999 முதல் சரக்கு லாரிகளை அப்படியே இரயிலில் ஏற்றிச் செல்கிறார்களே, அதே முறைதான். ஆனால் இங்கே கடலுக்கு அடியில். முப்பத்தைந்து நிமிடத்தில் அக்கரை. அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்து, சாலையின் வலப்பக்கத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

கவிஞர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அடியில் போகும் பயணத்தில் கடல் இல்லை! அலை இல்லை, உப்புக் காற்று இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஓர் இரும்புச் சுவர் மட்டும். நான்கு வரி எழுதிவிடலாம் என்று குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்த நான் வெட்கத்தோடு மூடிவிட்டேன்.

“இப்ப கடலுக்கு அடியில போறோம், அம்மா” என்றான் அத்தை மகன்.

“கடல் எங்க?”

“தலைக்கு மேல.”

அத்தை காரின் கூரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இவ்வளவுதானா?”

சற்று நேரம் கழித்து, “திரும்பி வரவும் இதே வழிதானா? டிக்கெட் எடுத்தாச்சா?” என்றார்.

“ரெண்டுக்கும் சேத்தே எடுத்தாச்சும்மா. ஞாயித்துக்கிழமை திரும்புறோம்.”

அத்தை அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவர் உறங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. “இவ்வளவுதானா?” என்ற அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள்முன் வைக்க வந்திருக்கிறேன்.

இவ்வளவு என்பது எவ்வளவு? அந்தச் சுரங்கத்தின் நீளம் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் 38 கிலோமீட்டர் கடலடியில். மேலே இரு கரைகளுக்கும் இடையிலான கடல், மிகக் குறுகிய இடத்தில், ஏறத்தாழ 33 கிலோமீட்டர். இனி நம் கடலை அளந்து பாருங்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்! ஆழமோ அதைவிடக் குறைவு. மணல் திட்டுகள் தலை நீட்டும் அளவுக்குக் குறைவு. ஒரே தொலைவுள்ள இரு கடல்கள். ஒன்றை என் அத்தை முப்பத்தைந்து நிமிடத்தில் கடந்தார். மற்றொன்றை அவருடைய அண்ணன் இருபத்தாறு ஆண்டுகளில் மறுபடி கடக்க முடியவில்லை.

பொறியியலின் அருமையை நான் குறைத்துப் பேசவில்லை. இரு இரயில் சுரங்கங்கள். நடுவே பணிக்காக ஒரு சிறு சுரங்கம். கடல் தரைக்குக் கீழே, சுண்ணாம்பும் களியும் கலந்த பாறையைத் தேடித் தேடி, பதினொரு இயந்திரங்கள் குடைந்தன. நம் பக்கத்து மாதவரத்தில் 2022-இல் மெட்ரோவுக்காக ‘நீலகிரி’ என்று பெயரிட்ட இயந்திரத்தை இறக்கினார்களே, அந்த இனம். இரு நாட்டாரும் எதிரெதிராகத் தோண்டி வந்து, 1990 டிசம்பர் முதல் நாள், பணிச் சுரங்கத்தில் ஓர் ஆங்கிலேயத் தொழிலாளியும் ஒரு பிரெஞ்சுத் தொழிலாளியும் துளை வழியே கைகுலுக்கினார்கள். அத்தனை தொலைவு தோண்டி வந்தும் அரை மீட்டருக்கும் குறைவான பிசகுதான். அந்தப் பணியில் பத்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், அதையும் மறக்கலாகாது. 1994 மே 6-ஆம் நாள் எலிசபெத் அரசியாரும் அதிபர் மித்தராணும் அதைத் திறந்து வைத்தார்கள்.

ஆனால் அவ்வழி உடனே வந்துவிடவில்லை. 1802-ஆம் ஆண்டிலேயே ஆல்பேர் மத்தியூ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், எண்ணெய் விளக்கொளியில் குதிரை வண்டிகள் ஓடும் கடலடிச் சுரங்கத்தை வரைந்து காட்டினார். நடுக்கடலில் குதிரை மாற்ற ஒரு தீவும் அதில் உண்டு. 1880-களில் உண்மையிலேயே தோண்டத் தொடங்கினார்கள். இரு கரையிலும் சேர்த்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் போயிற்று. பாறையும் இடம் கொடுத்தது, இயந்திரமும் பழுதில்லை. 1882-இல் பணியை நிறுத்தியது அச்சம். இவ்வழியே பகைவர் படை வந்துவிடும் என்று இங்கிலாந்தின் படைத்தலைவர்கள் எதிர்த்தார்கள். 1970-களில் மீண்டும் தொடங்கி, 1975-இல் மீண்டும் கைவிட்டார்கள். பாறை கரையச் சில ஆண்டு போதியதாயிற்று. அச்சம் கரைய நூறு ஆண்டுக்கு மேல் வேண்டியதாயிற்று. அதன் பிறகு 2020-இல் இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டுப் பிரிந்தது. மனக்கசப்பு இருந்தது, முத்திரை குத்தும் வேலை கூடியது. ஆயினும் சுரங்கத்தை மூடவில்லை.

நம் பக்கம் திரும்புவோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-இல் புறப்பட்டது நம் இராயபுரத்திலிருந்துதான் என்று நாம் பெருமை பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1914-இல், பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் ஒரு சீட்டு வாங்கினால் போதும்: தனுஷ்கோடி வரை இரயில், கடலில் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்பு வரை மீண்டும் இரயில். ‘போட் மெயில்’ என்று நம் பாட்டனார்கள் சொன்னது அதைத்தான். அவ்வழி 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவுப் புயலில் தனுஷ்கோடியோடு அழிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்த பாம்பன் இரயிலையும் கடல் கொண்டது. தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள்: ஐந்தேகால் லட்சம் பேரைக் கடல் கடத்துவதென்று கையெழுத்திட்ட எட்டு வாரத்துக்குள், அக்கடலின் துறைமுகமே இல்லாமல் போயிற்று. பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில், போர் மூண்ட காலத்தில், நின்றது.

சுரங்கப் பேச்சு நமக்கும் புதிதன்று. 2015-இல் நடுவணமைச்சர் நிதின் கட்கரி, பாலமும் கடலடிச் சுரங்கமும் கூடிய ஒரு சாலைவழி இலங்கைக்கு அமையும் என்றார். 24,000 கோடி ரூபாய் என்று மதிப்பும் சொல்லப்பட்டது. அப்படியொரு பேச்சே நடக்கவில்லை என்று இலங்கை அரசின் பக்கமிருந்து மறுப்பு வந்தது. 2023 ஜூலையில் இரு நாட்டுத் தலைவர்களும் நிலவழி இணைப்பை ஆராய்வதாகக் கூட்டாக அறிவித்தார்கள். தலைமன்னார் இரயில் பாதை 2015-இல் மீண்டும் திறக்கப்பட்டது. பாம்பனில் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023-இல் ஒரு கப்பல் ஓடத் தொடங்கி, நின்று, 2024-இல் மீண்டும் ஓடியது. இருபக்க இரயிலும் கரைவரை வந்து நிற்கின்றன. நடுவே அந்தக் கடல் அப்படியே கிடக்கிறது.

உடனே தோண்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கென்று 2022-இல் ஒரு காப்பகம் அறிவித்திருக்கிறார்கள். மணலும் திட்டும் பவளமும் கலந்த அந்தத் தரை வேறு. அந்நாட்டுச் சுண்ணாம்புப் பாறை வேறு. அக்கரையில் அஞ்சுவோரின் அச்சத்தையும் நாம் எள்ளி நகையாடலாகாது. வலிமை மிக்க இங்கிலாந்தே நூறாண்டு அஞ்சியதைக் கண்டோம். சிறிய தீவு பெரிய நிலத்தைக் கண்டு அஞ்சுவது இயல்பே.

சுரங்கம் எல்லார்க்கும் திறந்த வழி என்றும் சொல்வதற்கில்லை. கையில் தாள் இருந்தால் முப்பத்தைந்து நிமிடம். தாள் இல்லாதவர்கள் அதே கலே நகரின் கடற்கரையில் சிறு படகுக்காகக் காத்திருக்கிறார்கள். அக்கால்வாயில் மூழ்கியும் போகிறார்கள். இங்கே 2022 மார்ச்சில், இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது, படகில் ஏறிய ஏழைத் தமிழ்க் குடும்பங்கள் தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டுக் கைக்குழந்தையோடு நின்றதைச் செய்தியில் படித்தோம். வழி என்பது பாறையில் மட்டும் குடைவதன்று என்பதற்கு இவை சான்றுகள்.

கவிஞர் பெருமக்களே! பத்தாண்டுகளாக நம் கூட்டங்களில் படித்த கவிதைகளை நினைத்துப் பார்க்கிறேன். எத்தனை ‘பாலங்கள்’ கட்டினோம்! அன்புப் பாலம், மொழிப் பாலம், இதயப் பாலம். நானும் கட்டியவன்தான். பாரதியார் அத்தீவுக்குப் பாலம் கேட்டு நூறாண்டுக்கு மேல் ஆகிறது. அவர் கேட்டது உவமையன்று, நடந்து செல்லும் பாலம். நாம் அதை உவமையாக்கி, உவமையைத் தேய்த்து, வெறும் சொல்லாக்கிவிட்டோம். பாலம் கட்டுவது நம் தொழில் அன்று. அதைக் கட்டப் பொறியாளர் இருக்கிறார்கள். கையெழுத்திட அரசுகள் இருக்கின்றன. ஆனால் எதற்காகக் கட்ட வேண்டும் என்பதை மறவாமல் வைத்திருப்பது நம் தொழில். அட்டன் நிலையத்தில் சொன்ன ஒரு சொல் ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் ஒரு கிழவியின் நினைவில் நின்று, “திரும்பி வர டிக்கெட் எடுத்தாச்சா?” என்று கேட்கிறதே, அதை எழுதிவைக்க வேறு யார் வருவார்?

இந்த வடசென்னையைப் பாருங்கள். பர்மாவிலிருந்து வந்தவர்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள், ஆந்திரத்திலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் முடிவடையாத ஒரு ‘போய் வருகிறேன்’ இருக்கிறது. அடுத்த பத்தாண்டுக்கு நம் வட்டம் ஒரு வேலையை ஏற்க வேண்டுமென்று இந்த மேடையில் வேண்டிக்கொள்கிறேன். மாதம் ஒரு வீடு. எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கப்பலில் வந்தார்கள், யாரை விட்டுவிட்டு வந்தார்கள், விடைபெறும்போது என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதுவோம். உவமை வேண்டா, பெயரும் ஊரும் ஆண்டும் போதும். நினைவுள்ளவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பாரிசிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே திரும்பினோம். சுரங்கம் கடந்து இங்கிலாந்தின் வெயிலுக்குள் கார் வந்தபோது அத்தை சொன்னார்: “போயிட்டு வந்துட்டோம்.” வேறொன்றும் சொல்லவில்லை. என் தந்தையார் வாழ்நாளெல்லாம் சொல்லக் காத்திருந்த சொல் அதுதான்.

 போய் வருகிறேன். வணக்கம்.